மீட்புப் படையின் பட்டாசுக் கடை

டிசம்பர் இருபத்தெட்டு.
மீட்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
கொட்டகைக்குள் மேசை போடுகிறோம்.
ஸ்ட்ரெச்சர் மாட்டும் கொக்கியில்
விலைப்பட்டியல் தொங்குகிறது.

ஐஸ்லாந்தின் வடக்கு ஓரம்.
எண்ணூறு பேர், மூன்று மணிநேரப் பகல்.
ஆண்டு முழுக்க
பனிப்பிளவில் விழுந்தவரைத் தூக்குகிறோம்,
காற்று பிய்க்கும் கூரைமேல்
படுத்துக்கொண்டு ஆணி அடிக்கிறோம்.
சம்பளம் கிடையாது.
நான்கு நாள் வெடி விற்கிறோம்.
கயிறு அதில் வருகிறது. டீசலும்.

வால்கெய்ர் வந்தார்.
ஒவ்வோர் ஆண்டும் பதினோரு ராக்கெட்.
கவிழ்ந்த படகின் முதுகில் அவர் ஒட்டிக்கிடந்தது
பதினோரு மணிநேரம்.
பத்து போதாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
"எந்த மணியை விடச் சொல்கிறாய்?"

சட்டம் வரப்போகிறதாம்.
தனி ஆளுக்கு விற்கக்கூடாது.
துறைமுகத்தில் நகராட்சி ஒருமுறை கொளுத்தும்,
ஊர் கைகட்டி நின்று பார்த்துக்கொள்ளலாம்.
மனுவில் நூற்றுப்பதினேழு கையெழுத்து.
நாற்பத்தொன்றாவது என் மனைவியுடையது.

அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.
புத்தாண்டுக் காலையில் இழுப்போடு வந்து
கதவைத் தட்டுகிறவர்களின் பெயர்கள்
அவளுக்கு மனப்பாடம்.
"பிள்ளையையும் கிள்ளுகிறீர்கள்,
தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள்"
என்றாள், மீனில் முள் எடுத்தபடி.
உப்பை இப்படித் தள்ளு என்றேன்.
வேறென்ன சொல்ல?

முப்பத்தொன்று, நள்ளிரவுக்கு இருபது நிமிடம்.
காற்றே இல்லை.
எழுந்த புகை எங்கும் போகவில்லை,
குடிவந்தவன் போல
கூரைக்கும் கூரைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

ஒன்று பத்துக்கு அழைப்பு.
உன்னுரின் பெட்டைக் குதிரை
வேலி தாண்டி மேட்டுப்பக்கம் ஓடிவிட்டது.
பின்னாலேயே ஓடிய உன்னுர்
வீடு திரும்பவில்லை.
என் கையில் அப்போது தீக்குச்சி இருந்தது.
கொளுத்தவில்லை என்று சொன்னால்
பொய்.

ஏழு பேர் போனோம்.
நெற்றிவிளக்கைப் போட்டால்
புகைதான் தெரிந்தது.
நாங்கள் விற்ற புகை.
விலைகூட எனக்குத் தெரியும்.
அதற்குள் அவள் பெயரைக் கத்திக்கொண்டே நடந்தோம்.
இன்னும் வெடித்துக்கொண்டிருந்த ஊர்
எங்கள் குரலை விழுங்கிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு, ஓடைப் பள்ளத்தில் கிடைத்தாள்.
கயிறு புதுசு, போன ஆண்டு விற்பனையில் வாங்கியது,
கடைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
மேலே வந்ததும் முதலில் "குதிரை?" என்றாள்.
பிறகு என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்து
"நீதானே விற்றாய்."
சொல்லிவிட்டு
என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.
வண்டிவரை சுமந்தேன்.
கனமான பெண் இல்லை. கனத்தாள்.

அவளுடைய இரண்டு விரல் நுனிகளைக்
குளிர் எடுத்துக்கொண்டது.
மூன்றாம் நாள் குதிரை தானே வந்து
வேலிக்கு வெளியே நின்றது.
பிடித்துக் கட்டப் போனேன்.
என் கையுறையை முகர்ந்ததும்
பின்வாங்கியது.
இருமுறை துவைத்த கையுறை.

ஜனவரி கடைசியில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்.
தடை வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.
கட்டுப்போட்ட கை ஒன்று முதலில் எழுந்தது.
என் மனைவியுடையது.
என்னுடையது.
வால்கெய்ர் திரும்பி என்னைப் பார்த்தார்,
கரையிலிருந்து யாரோ கயிற்றை
இழுத்துக்கொண்டது போல.

கையை இறக்காமலே கேட்டேன்:
அடுத்த ஆண்டுக் கயிறு யார் வாங்குவது?

நாற்காலிகள் கிறீச்சிட்டன.
ஒருவர் ஜன்னலுக்கு வெளியே
வெப்பமானியைப் படித்தார்.
காப்பி ஆறிப்போகிறது
என்றார் தலைவர்.